அகலமான டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு எந்த சைடு மிரர் எடுக்கலாம்?

கூண்டுவண்டி

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை திறந்த தட்டு டிரெய்லர்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். அது வண்டியைவிட அகலம் குறைவு என்பதால் சைடு மிரரைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை. இப்போது நான்கு பக்கமும் அடைத்த பெட்டி டிரெய்லர் ஒன்று எடுத்திருக்கிறேன். அகலம் 2.55 மீட்டர், நீளம் 7 மீட்டர், உயரம் பிக்கப்பின் கூரையைவிட அதிகம்.

பிக்கப்பின் உடம்பு அகலம் 2.03 மீட்டர். ஒரு மிரரின் வெளிவிளிம்பிலிருந்து மறு மிரரின் வெளிவிளிம்பு வரை அளந்தால் 2.40 வருகிறது. டிரெய்லரை மாட்டிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு மிரரிலும் உள்பக்கம் முழுக்க டிரெய்லரின் முன்சுவர்தான். சுவருக்கு வெளியே கொஞ்சம் சாலை தெரிகிறது, ஆனால் பக்கவாட்டுச் சுவரோ டிரெய்லரின் பின்சக்கரமோ தெரியவே இல்லை.

வாரத்தில் ஓரிரு நாள்தான் இழுப்பேன். மற்ற நாளெல்லாம் வண்டி வெறுமனே ஓடும். இப்போதுள்ள மிரரில் சூடேற்றி, இண்டிகேட்டர், பக்கத்து லேனில் வண்டி வந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு மூன்றும் உண்டு. மிரர் மேல் மாட்டும் கூடுதல் கண்ணாடி வாங்குவதா, மிரரையே மாற்றிவிட்டு நீளும் மிரர் போடுவதா, இல்லை பின்னால் ஒரு கேமரா மட்டும் போதுமா? எதை வைத்து முடிவெடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுவழி

வாரத்துக்கு ஓரிரு நாள் என்றால் மேலே மாட்டும் கண்ணாடியே போதும் நண்பரே. இழுக்கும்போது மாட்டு, முடிந்ததும் கழற்றி சீட்டுக்குப் பின்னால் போடு. வண்டியின் ஒயரிங்கில் கை வைக்க வேண்டாம், மற்ற நாளில் வண்டி அகலமும் கூடாது.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பிடிப்பு. ஒற்றைப் பட்டையால் இழுத்துக் கட்டுவதை எடுக்காதீர்கள். மேலும் கீழும் தனித்தனியாக இறுக்குகிற மாதிரி எடுங்கள். இரண்டு, உங்கள் மிரரின் கூடு எந்த வடிவம் என்பது. இப்போது வரும் கூடுகள் பின்பக்கம் உருண்டையாகவும் விளிம்பு மெலிந்தும் இருக்கின்றன. பொதுவான பிடிகள் அதில் நிற்காமல் வழுக்கும். உங்கள் மாடலுக்கென்றே வார்த்த உறை மாதிரி கிடைத்தால் அதுதான் நல்லது.

அச்சாணி

தம்பி, எந்த வகை என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுவிடுவோம். நீங்கள் அளவெல்லாம் கொடுத்திருப்பதால் சுலபம்.

வண்டியின் நடுக்கோட்டிலிருந்து அளப்போம். டிரெய்லரின் பக்கச் சுவர் 1.275 மீட்டரில் இருக்கிறது. உங்கள் மிரரின் வெளிவிளிம்பு 1.20-இல். கூட்டின் தடிமனைக் கழித்தால் கண்ணாடி முடியும் இடம் ஏறக்குறைய 1.18. ஆக, கண்ணாடியின் கடைசி விளிம்புகூட டிரெய்லர் சுவரைவிட 9.5 சென்டிமீட்டர் உள்ளேதான் நிற்கிறது.

9.5 செ.மீ. பெரிதா என்று தோன்றும். மிரருக்கும் டிரெய்லரின் முன்மூலைக்கும் இடையே 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் வெளிவிளிம்பிலிருந்து கிளம்பும் பார்வைக் கோடு அந்த முன்மூலையை உரசிக்கொண்டுதான் பின்னால் போக முடியும். 5 மீட்டருக்கு 9.5 செ.மீ. வெளியே சாய்கிற கோடு அது. 50 மீட்டர் பின்னால் போகும்போது 95 செ.மீ. சாய்ந்திருக்கும், அதாவது நடுக்கோட்டிலிருந்து 2.13 மீட்டர். லேன் அகலம் 3.6 மீட்டர் என்றால் லேனின் கோடு 1.80-இல் இருக்கிறது. அதாவது உங்கள் லேன் முழுக்க மறைவது மட்டுமல்ல, பக்கத்து லேனிலும் ஓரமாக 33 செ.மீ. மறைகிறது. இது கண்ணாடியின் மிகச் சிறந்த புள்ளிக்கான கணக்கு. கண்ணாடியின் நடுப்புள்ளியை எடுத்தால் அது 1.09-இல் நிற்கிறது, அங்கிருந்து போகும் கோடு 50 மீட்டரில் 2.94 வரை விலகிவிடும்.

கோட்டை ஒட்டி ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் உங்களுக்குத் தெரியாது. லேன் மாறும் நேரத்தில் இதுதான் ஆபத்து.

பெரிய கண்ணாடி வாங்கலாமா என்று பலரும் கேட்பார்கள். கண்ணாடியை மேலே கீழே எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தக் கோடு நகராது. கண்ணாடி எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அளவெல்லாம் அதற்கு அப்புறம்.

கூண்டுவண்டி

இதை இப்படி யாரும் சொன்னதில்லை அண்ணா. சரி, அப்படியானால் எவ்வளவு வெளியே நின்றால் போதும்? டிரெய்லர் சுவருக்கு நேராக வந்தால் போதுமா?

அச்சாணி

நேராக வந்தால் மட்டும் போதாது. கண்ணாடியின் விளிம்பு மட்டும் சுவருக்கு நேராக வந்தால் அந்த விளிம்பில் மெல்லிய ஒரு கீற்றுதான் பயன்படும். கண்ணாடியின் நடுப்பகுதியாவது சுவருக்கு நேராக வர வேண்டும் என்பது என் கணக்கு.

நீளும் மிரர் போட்டு, இழுத்து விட்ட நிலையில் வெளிவிளிம்பு 1.37 வரை வருகிறது என்போம். கண்ணாடி 1.17-இல் தொடங்கி 1.35-இல் முடியும். நடுப்புள்ளி 1.26. அது சுவரைவிட 1.5 செ.மீ. மட்டுமே உள்ளே. அங்கிருந்து போகும் கோடு 50 மீட்டரில் 1.41-ஐத்தான் தொடும். உங்கள் லேன் கோடு, பக்கத்து லேன் எல்லாம் பார்வைக்குள் வந்துவிடும். வெளிப்பாதியில் டிரெய்லரின் பக்கச் சுவர் முழு நீளத்துக்கும் தெரியும், பின்சக்கரமும் தெரியும்.

உங்களுக்கு நேர் பின்னால் ஒட்டி வரும் கார் மட்டும் அப்போதும் தெரியாது. 1.8 மீட்டர் அகலக் கார் லேனின் நடுவில் வந்தால் அதன் பக்கம் 0.90-இல் இருக்கும். 1.35-இல் இருக்கும் கண்ணாடி விளிம்பிலிருந்து டிரெய்லரின் பின்மூலையை உரசி உள்ளே சாயும் கோடு 0.90-ஐத் தொட 72 மீட்டர் ஆகிறது. அதில் 12 மீட்டர் மிரரிலிருந்து டிரெய்லர் வால் வரை. ஆக டிரெய்லருக்குப் பின்னால் 60 மீட்டருக்குள் நடுவில் வரும் கார் எந்த மிரரிலும் வராது. கண்ணாடியை இன்னும் 5 செ.மீ. வெளியே தள்ளினால் அது 36 மீட்டராகக் குறையும். அப்போதும் ஒட்டி வருபவன் தெரிய மாட்டான். அவனைப் பார்க்கக் கேமராதான் வழி.

கேமராவும் மிரரும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. கேமரா மட்டும் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், போதாது என்பதுதான்.

மூன்றாம்கியர்

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி, ஆனால் அடிப்படை ஒன்றுதான்.

பிரிட்டனில் டிரெய்லர் காரைவிட அகலமாக இருந்தால் இழுவை மிரர் கட்டாயம். ஓட்டுநருக்கு 20 மீட்டர் பின்னால், டிரெய்லரின் பக்கத்திலிருந்து 4 மீட்டர் அகலத்துக்குச் சாலை தெரிய வேண்டும். அமெரிக்காவில் எஃப்எம்விஎஸ்எஸ் 111 என்ற மத்திய விதி வாகனம் விற்கும்போது இருக்க வேண்டிய மிரருக்கானது. ஓட்டுநர் பக்கத்தில் உருவத்தைச் சிறிதாக்காத தட்டைக் கண்ணாடி இருக்க வேண்டும் என்பது அதில்தான் வருகிறது. டிரெய்லர் அகலத்தைப் பொறுத்தவரை அங்கே தேசிய நெடுஞ்சாலைகளில் 102 அங்குலம், அதாவது 2.59 மீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக 2.55. இவரது டிரெய்லர் அந்த எல்லையை ஒட்டியே இருக்கிறது.

அச்சாணி சொன்ன கணக்கில் 5 செ.மீ., 10 செ.மீ. என்று வெளியே தள்ளிக்கொண்டே போகலாம் என்று நினைக்க வேண்டாம். மிரர் டிரெய்லரைவிட எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதற்கும் பல இடங்களில் வரம்பு உண்டு. அதுவும் போக, வெளியே நிற்கும் மிரர்தான் குறுகிய பாலத்திலும் எதிரே வரும் லாரியிலும் முதலில் அடி வாங்கும்.

படகுமேடை

எனக்கு அகல டிரெய்லர்தான், ஆனால் தாழ்வான தட்டு. கார் ஏற்றுவதற்கு. அதனால் என் அனுபவம் கொஞ்சம் வேறு.

தட்டு காலியாக இருக்கும்போது பார்வை தட்டின் மேலாகவே பின்னால் போய்விடும். மிரர் உள்ளே நின்றாலும் பின்னால் வருவது தெரியும். எனக்குத் தேவைப்படுவது டிரெய்லரின் மட்கார்டும் டயரும்தான். தட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பது அந்த மட்கார்டுதான், வளைவில் கல்லில் ஏறுவதும் அதன் கீழே இருக்கும் டயர்தான். ஆகவே எனக்கு உயரமான மிரர், அதன் கீழ்ப்பகுதியில் நன்றாகக் கீழ்நோக்கிப் பார்க்கும் சின்ன குவி ஆடி. நீளம் நீட்டுவதைவிட இதுதான் எனக்கு உதவியது.

ஒரே அகலம் என்றாலும் பெட்டி டிரெய்லரும் தட்டு டிரெய்லரும் கேட்கும் மிரர் வேறு வேறு. இதை யாரும் சொல்வதில்லை. ஒன்று இன்னும்: முன்பக்கம் கூராகக் குறுகும் டிரெய்லரில் மறைக்கும் மூலை பின்னால் தள்ளிப் போகிறது, அதனால் அச்சாணி கணக்கில் வரும் அந்த 5 மீட்டர் 6 மீட்டர் ஆகும். சாய்வும் அந்த அளவுக்குக் குறையும். உங்களது சதுர முகமா, கூர்முகமா?

கூண்டுவண்டி

சதுர முகம்தான். தட்டையாக அப்படியே நிற்கிறது.

கழுத்துக்கொக்கி

சதுர முகம் என்றால் கவனம் தேவை. நான் இழுப்பது பிக்கப்பின் பின்தட்டுக்கு மேலேயே கொக்கி மாட்டும் வகை. டிரெய்லரின் முகம் கேபினுக்கு நெருங்கி நிற்கும். மிரரிலிருந்து 2.5 மீட்டர்கூட இருக்காது. அதே 9.5 செ.மீ. பற்றாக்குறை என் வண்டியில் இருந்தால் சாய்வு இரு மடங்காகி 50 மீட்டரில் 3 மீட்டருக்கு மேல் போய்விடும். அதனால் இந்த வகைக்கு நீளும் மிரர் இல்லாமல் நான் சாலைக்கே போவதில்லை.

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள பிக்கப் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்கள் பின்மட்கார்டே 2.4 மீட்டர் அகலம் இருக்கும். தாழ்வாகப் பார்க்கும்போது டிரெய்லர் டயரை மறைப்பது சில சமயம் உங்கள் வண்டியின் சொந்த மட்கார்டுதான். அளக்கும்போது அதையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

நெடுவழி

கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மேலே மாட்டும் கண்ணாடியும் 10, 15 செ.மீ. வெளியே நிற்கிறதே? வேலை ஒன்றுதானே? கூடவே இரண்டு பக்கமும் குவி ஆடி வைத்ததாக எடுத்துவிட்டால் அகலமாகத் தெரியும், மறைவிடப் பிரச்சினையே முடிந்தது.

அச்சாணி

இடம் ஒன்றுதான் நெடுவழி, அதில் மறுப்பில்லை. வேறுபாடு நடுக்கத்தில் இருக்கிறது. கதவில் ஒரு புள்ளி, அதில் மிரர், மிரரின் கூட்டில் பிடி, பிடியில் ஒரு தண்டு, தண்டின் நுனியில் கண்ணாடி. ஒவ்வொரு இணைப்பிலும் சிறு தளர்ச்சி இருந்தாலும் நுனியில் அது பெரிதாகும். கண்ணாடி ஒரு கோணம் திரும்பினால் அதில் தெரியும் பிம்பம் இரண்டு கோணம் திரும்பும், பிரதிபலிப்பின் இயல்பு அது. கால் பாகை நடுங்கினால் போதும், 40 மீட்டர் பின்னால் இருக்கும் பொருள் 35 செ.மீ. ஆடுவதாகத் தெரியும். நெடுஞ்சாலை வேகத்தில் காற்று கண்ணாடியைப் பிடித்து ஆட்டும்போது இரவில் பின்னால் வரும் காரின் இரண்டு ஹெட்லைட்டும் கலந்து ஒரே கோடாகத் தெரிவது இதனால்தான். வருகிறது என்பது தெரியும், எவ்வளவு தூரத்தில் என்பது தெரியாது.

பொதுவாக மிரரை மாற்றும்போது வரும் நீளும் மிரருக்கு மேலும் கீழுமாக இரண்டு தண்டு இருக்கும். கதவோடு போல்ட் போட்டு நிற்கும். அதனால்தான் அதைச் சொல்கிறேன். உங்கள் மாடலுக்கென்று வார்த்த உறை என்றால் நடுக்கம் குறைவு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். மெதுவான, குறைந்த தூர ஓட்டத்துக்கு அது சரி.

குவி ஆடி பற்றி. அது அகலமாகக் காட்டுவது உண்மை, ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கித்தான் காட்டுகிறது. வளைவு ஆரம் 1.2 மீட்டர் உள்ள குவி ஆடியில் தூரப் பொருளின் பிம்பம் ஆடிக்குப் பின்னால் 60 செ.மீ.-இல் விழும். ஓட்டுநருக்கு எதிர்ப்பக்க மிரர் கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருக்கிறது என்றால் 60-ஐ 210-ஆல் வகுங்கள். 0.29 வருகிறது. தட்டைக் கண்ணாடியில் தெரிவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 30 மீட்டரில் வரும் கார் 100 மீட்டரில் வருகிற மாதிரி தோன்றும். டிரெய்லரோடு லேன் மாற இடம் இருக்கிறதா என்று முடிவெடுக்கும் நேரத்தில் இந்த மயக்கம் கூடாது.

அமெரிக்க விதி எதிர்ப்பக்கத்தில் 889 முதல் 1,651 மி.மீ. வரை ஆரம் உள்ள குவி ஆடியை அனுமதிக்கிறது, ஆனால் பொருள்கள் தெரிவதைவிட அருகில் இருக்கின்றன என்ற எச்சரிக்கை அதில் பொறித்திருக்க வேண்டும். ஐரோப்பிய விதி இரண்டு பக்கமும் குவி ஆடியை ஏற்கிறது, 1,200 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஆகவே முழுக் குவி ஆடி தவறு என்று நான் சொல்லவில்லை. தூரம் கணிக்கத் தட்டைக் கண்ணாடி ஒன்று மேலே, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் குவி ஆடி ஒன்று கீழே, இரண்டையும் தனித்தனியாகத் திருப்ப முடிய வேண்டும். என் தேர்வு எப்போதும் இந்த ஜோடிதான்.

ஒட்டும் சின்ன வட்டக் குவி ஆடிகளின் ஆரம் மிகக் குறைவு. எதையோ காட்டும், ஆனால் எறும்பு அளவில். இழுவைக்கு அதை நம்ப வேண்டாம்.

கம்பிமுனை

மிரரை மாற்றுவது என்று முடிவு செய்தால் நான் சொல்வதை வாங்குவதற்கு முன்னால் பாருங்கள். கழற்றி மாட்டுவது பெரிய வேலை இல்லை. கதவின் உள்பக்கம் மூலையில் முக்கோண மூடியைக் கழற்றினால் நட்டுகள் தெரியும். சில வண்டிகளில் கதவின் உள்பலகையையும் எடுக்க வேண்டும். சிக்கலெல்லாம் ஒயர் சாக்கெட்டில்தான்.

ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றாலும் சாக்கெட்டில் உள்ள பின்களின் (ஒயர் இணையும் உலோக முனைகள்) எண்ணிக்கை வசதிக்கு வசதி மாறும். உங்களுக்கு சூடேற்றி, இண்டிகேட்டர், எச்சரிக்கை விளக்கு மூன்று இருக்கின்றன என்றீர்கள். மின்சாரத்தில் மடங்குமா, சீட் நினைவகத்தோடு மிரரும் நகருமா, இரவில் தானாக மங்குமா, மிரருக்கு அடியில் கேமரா இருக்கிறதா, இதையும் பார்த்து எழுதி வையுங்கள். சில வண்டிகளில் வெளி வெப்பநிலை உணரியும் ஒரு பக்க மிரருக்குள்தான் இருக்கும். புது மிரரில் அதற்கு இடம் இல்லையென்றால் மீட்டரில் வெப்பநிலை காட்டாது, சிலவற்றில் ஏசியும் குழம்பும்.

அடுத்தது இண்டிகேட்டர். பழையது பல்பு, புதியது எல்இடி என்றால் மின்னோட்டம் குறையும். வண்டி பல்பு போய்விட்டது என்று நினைத்து வேகமாக மின்னத் தொடங்கலாம். சுற்றிலும் காட்டும் கேமரா உள்ள வண்டியில் மிரர் நகர்ந்தால் கேமராவும் நகரும், படம் ஒட்டாது, திரும்ப அளவுதிருத்தம் செய்ய வேண்டியிருக்கும். பக்கத்து லேன் எச்சரிக்கைக்கான ரேடார் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கிறது, மிரரில் இருப்பது விளக்கு மட்டும்தான். ஆனால் அந்த ரேடாருக்குப் பின்னால் டிரெய்லர் நிற்பது தெரியாது. டிரெய்லர் நீளத்தையும் சேர்த்துப் பார்க்கும் வசதி உங்கள் வண்டியில் இல்லையென்றால், இழுக்கும்போது அந்த விளக்கு எரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கீழே உள்ள குவி ஆடிக்கும் சூடேற்றி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சிலவற்றில் மேல் கண்ணாடிக்கு மட்டும்தான் இருக்கும். பனி படிந்தாலோ மழை நீர் ஒட்டினாலோ கீழ்க் கண்ணாடி குருடாகிவிடும், டயர் தெரிவது அதில்தானே.

மோட்டாரில் நீளும் வகையா கையால் இழுக்கும் வகையா என்றால் கையால் இழுப்பதே போதும். நீட்டுவதும் உள்ளே தள்ளுவதும் டிரெய்லர் மாட்டும்போது, கழற்றும்போது மட்டும். ஆனால் கண்ணாடியைத் திருப்பும் மோட்டார் கட்டாயம் வேண்டும், முக்கியமாக எதிர்ப்பக்கத்துக்கு.

மூன்றாம்கியர்

கம்பிமுனை கடைசியாகச் சொன்னதற்கு ஒரு காரணம் சேர்க்கிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லர் ஒரு பக்கமாக மடங்கத் தொடங்கியதும் அந்தப் பக்க மிரர் முழுக்க டிரெய்லர் சுவர் வந்துவிடும். மறு பக்க மிரரில் டிரெய்லரே இருக்காது, வெறும் தரை. நேராக ஓட்டும்போது எவ்வளவு அழகாகச் சரிசெய்த மிரரும் அந்த நேரத்தில் உதவாது. ஓட்டுநர் பக்கம் என்றால் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எதிர்ப்பக்கம் அது முடியாது. பொத்தானை அழுத்திக் கண்ணாடியை வெளியே திருப்பி, டிரெய்லரின் பின்மூலை எங்கே போகிறது என்று பார்ப்பது ஒன்றுதான் வழி. மேலே மாட்டும் கண்ணாடியில் இது நடக்காது, இறங்கிப் போய்க் கையால்தான் திருப்ப வேண்டும்.

முடிந்தவரை ஓட்டுநர் பக்கமாகவே மடக்கி ரிவர்ஸ் எடுங்கள் என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வதும் இதனால்தான்.

படகுமேடை

எல்லோரும் பின்னால் தெரிவதைப் பற்றியே பேசுகிறோம். முன்னால் மறைவதையும் சொல்ல வேண்டும்.

இழுவை மிரர் உயரமானது. கேபினின் முன்தூணும் மிரரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் இரண்டும் சேர்ந்து ஒரே சுவராகிவிடும். சந்திப்பில் திரும்பும்போது அந்த மறைவுக்குள் ஒரு ஆள் முழுதாக நிற்க முடியும். நீங்கள் திரும்பும் வேகமும் அவர் நடக்கும் வேகமும் ஒத்துப்போனால் அவர் அந்த மறைவுக்குள்ளேயே நகர்ந்துகொண்டு வருவார், கடைசி நொடி வரை தெரிய மாட்டார். ஆகவே வாங்கும் முன் முடிந்தால் அதே மிரர் பூட்டிய வேறொரு வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். தூணுக்கும் மிரருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற இடைவெளி இருக்க வேண்டும். இருந்தாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கூண்டுவண்டி பெரும்பாலான நாட்கள் டிரெய்லர் இல்லாமல்தான் ஓட்டுகிறார் என்பதால் இது அவருக்கு மிகவும் முக்கியம். அவர் எடுக்கும் மிரர் அந்த நாட்களிலும் முன்னால் மறைத்துக்கொண்டுதான் நிற்கும்.

கூண்டுவண்டி

இதை நான் யோசிக்கவே இல்லை. நன்றி.

சரி, இதுவரை வந்ததை வைத்து நான் போகும் வழி: கையால் நீளும் இரட்டைத் தண்டு மிரர், மேலே மோட்டாரில் திரும்பும் தட்டைக் கண்ணாடி, கீழே சூடேற்றியோடு குவி ஆடி. என் மிரரின் சாக்கெட்டைக் கழற்றிப் பின்னை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். டிரெய்லரின் பின்சுவரில் மேலே ஒரு கேமரா. அது ஒயரில் வருவதா, ஒயரில்லாததா?

கம்பிமுனை

முடிந்தால் ஒயர். அடைத்த பெட்டி டிரெய்லர், அதுவும் உலோகச் சுவர் என்றால் ஒயரில்லாத சமிக்ஞை 7 மீட்டர் பெட்டியைத் தாண்டி வரச் சிரமப்படும். படம் நின்று நின்று வந்தால் ஒட்டி வருபவனைப் பார்க்கும் வேலைக்கு அது ஆகாது. ஒயரில்லாததுதான் வேண்டும் என்றால் ஆன்டெனாவை டிரெய்லரின் முன்பக்கம் கொண்டுவரும் மாதிரி எடுங்கள்.

மின்சாரத்தை டிரெய்லரின் பார்க்கிங் விளக்கிலிருந்து எடுத்தால் அந்த விளக்கைப் போட்டால்தான் கேமரா ஓடும். பகலிலும் போட்டு ஓட்டுவீர்கள் என்றால் சரி, இல்லையென்றால் வண்டியிலிருந்து டிரெய்லருக்கு வரும் நிரந்தர மின்கம்பியில் தனி சுவிட்ச் வைத்து இணையுங்கள்.

வண்டியோடு வந்த ரிவர்ஸ் கேமராவை மறந்துவிடுங்கள். டிரெய்லர் மாட்டியதும் அது காட்டுவது டிரெய்லரின் முன்சுவரை மட்டும்தான். கொக்கி மாட்டும்போது வண்டியின் இணைப்புப் பந்தை நேர்பார்க்க அது உதவும்.

நெடுவழி

தேர்வு நன்றாக இருக்கிறது. வாங்கும் முன் பணம் செலவில்லாத ஒரு சோதனை செய்து பாருங்கள். டிரெய்லரை மாட்டி நேராக நிறுத்துங்கள். ஒரு நீளமான மரச்சட்டத்தை டிரெய்லரின் பக்கச் சுவரோடு ஒட்டி, முன்னோக்கி நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். சட்டம் எட்டாவிட்டால் பின்மூலையிலிருந்து முன்மூலையை ஒட்டி ஒரு கயிற்றை விறைப்பாக இழுத்து மிரர் வரைக்கும் கொண்டுவாருங்கள். அந்தக் கயிறு மிரரை எங்கே கடக்கிறதோ அதுதான் சுவரின் நேர்கோடு. அதிலிருந்து எத்தனை செ.மீ. வெளியே புது மிரரின் கண்ணாடி வருகிறது என்று அங்கேயே அளந்துவிடலாம். விற்பவர் சொல்லும் நீட்டிய அளவு கூட்டின் வெளிவிளிம்பு வரைக்குமானது, கண்ணாடி வரைக்குமானது இல்லை. அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கூண்டுவண்டி

கயிறு யோசனை அருமை, இன்றைக்கே செய்து பார்க்கிறேன். அண்ணா, பூட்டிய பிறகு எப்படிச் சரிசெய்வது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அச்சாணி

முதலில் சீட்டை வழக்கமாக ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சீட் 5 செ.மீ. நகர்ந்தால் எல்லாம் மாறிவிடும். அடுத்தது, டிரெய்லரில் சரக்கு ஏற்றிய பிறகுதான் மிரரைத் தொட வேண்டும். கொக்கியில் எடை விழுந்ததும் வண்டியின் பின்பக்கம் தாழும், முன்பக்கம் தூக்கும், கண்ணாடிகள் எல்லாம் கொஞ்சம் தரையைப் பார்க்கும். காலியாக இருக்கும்போது வைத்த கோணம் சரக்கோடு உதவாது.

தட்டைக் கண்ணாடியில் உள்விளிம்பில் டிரெய்லரின் சுவர் ஒரு மெல்லிய பட்டையாகத் தெரிய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். சுவர் பாதிக் கண்ணாடியை அடைத்தால் வாங்கிய நீளம் வீண். முழுக்கவே தெரியாமல் போனால் டிரெய்லர் எங்கே இருக்கிறது என்ற ஆதாரம் போய்விடும். அடிவானம் கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே வரட்டும். குவி ஆடியைக் கீழ்நோக்கித் திருப்பி, டிரெய்லரின் டயர் தரையைத் தொடும் இடம் தெரியும்படி வையுங்கள். அங்கிருந்து வெளியே ஒரு லேன் அகலம் வர வேண்டும்.

அப்புறம் வெளியே ஒரு ஆளை விட்டு டிரெய்லரின் பின்மூலையிலிருந்து பக்கவாட்டில் மெதுவாக முன்னால் நடந்து வரச் சொல்லுங்கள். முதலில் தட்டைக் கண்ணாடியில் தெரிவார். அதிலிருந்து மறையும் முன் குவி ஆடியில் வந்திருக்க வேண்டும், அதிலிருந்து மறையும் முன் ஜன்னலோரம் உங்கள் கண்ணுக்கே தெரிய வேண்டும். எங்காவது அவர் மூன்றிலும் தெரியாமல் போனால் குவி ஆடியை இன்னும் கொஞ்சம் வெளியே திருப்புங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்யுங்கள். எதிர்ப்பக்கத்தில் கண்ணாடி தூரமாக இருப்பதால் தட்டைக் கண்ணாடி காட்டும் பரப்பு அங்கே மிகக் குறைவு, குவி ஆடிக்குத்தான் அங்கே வேலை அதிகம்.

தண்டின் இறுக்கத்தைக் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு ஒருமுறை பாருங்கள். நீட்டிய நிலையில் கண்ணாடிக் கூட்டைப் பிடித்து மெதுவாக அசைத்தால் கதவுத் தகடே அசைகிறதா, தண்டு மட்டும் அசைகிறதா என்று தெரியும். தண்டு அசைந்தால் இறுக்கலாம். கதவுத் தகடு அசைந்தால் நட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசைக்கு மறுபடி இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் கதவின் உள்திருகு பிய்ந்துவிடும்.

கூண்டுவண்டி

கயிறு கட்டிப் பார்த்துவிட்டேன். கயிறு என் மிரரின் வெளிவிளிம்புக்கு வெளியே 8 செ.மீ.-இல் போகிறது, கணக்கோடு ஒத்துப்போகிறது. எதிர்ப்பக்கத்தில் 9 வருகிறது. டிரெய்லர் கொஞ்சம் சாய்ந்து நின்றிருக்கலாம். இரண்டில் பெரியதை வைத்துத்தான் மிரர் தேடுகிறேன். சாக்கெட்டை நாளைக்குக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பின் எண்ணிக்கையை இங்கேயே எழுதுகிறேன், கம்பிமுனை கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

கம்பிமுனை

எழுதுங்கள். ஒவ்வொரு பின்னிலும் வரும் ஒயரின் நிறத்தையும் சேர்த்து எழுதுங்கள். காலியாக இருக்கும் பின் எவை என்பதும் தெரிய வேண்டும். கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிடுங்கள்.